போன ரத்தம் திரும்பி வருதுங்க

வனிதா நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிய நாச்சம்மாள், உதட்டைக்கூட நனைக்காமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, இடது புறங்கையை வெயிலில் நீட்டினார்.

"இதப் பாரு அம்மிணி, இந்தப் பச்ச நரம்பு தெரியுதா?"

வனிதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கேரள எல்லையில் வேலந்தாவளத்தைச் சுற்றியுள்ள தோட்டத்து வீடுகளில், வந்தவர் கைக்கு முதலில் போவது தண்ணீர்ச் சொம்புதான். 'வாங்க' என்ற வார்த்தைகூட அதற்கப்புறம்தான். அதைக் குடிக்காமல் கீழே வைத்தால், இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம். வாய்க்கால் தகராறில் உறவை வெட்டிக்கொண்டு போன பங்காளிகள்தான் அப்படிச் செய்வார்கள். வனிதா அடுத்த தோட்டத்துக்கு மருமகளாக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"ஏனுங் பெரியம்மா, நாங்க என்ன தப்புங் பண்ணிப்போட்டோம்?"

"தப்புமில்ல, ஒண்ணுமில்ல. நீ மொதல்ல இதப் பாரு."

நாச்சம்மாள் நரம்பின் கீழ்முனையை, விரல்கள் இருக்கும் பக்கமாக, வலது ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தார். கட்டைவிரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரே இழுப்பாக நீவினார். நரம்பு இருந்த இடம் தட்டையாகிப் போனது. மேலே மணிக்கட்டுப் பக்கம் ரத்தம் நிறைந்து நின்றாலும் ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. பிறகு ஆள்காட்டி விரலை எடுத்தார். அவ்வளவுதான், விரல் பக்கமிருந்து நரம்பு கிடுகிடுவென்று புடைத்துக்கொண்டு மேலேறியது.

"பாத்தியா! பாத்தியா! விரலு நுனி வரைக்கும் போன ரத்தம் திரும்பி வருது அம்மிணி! மேடேறி நெஞ்சுக்கே வருது! இத்தன வருசமா எனக்கு இது தெரியாமப் போச்சே!"

வனிதா தன் கையில் நீவிப் பார்த்தாள். இன்னொரு தடவை நீவிப் பார்த்தாள். "ஐயோ, ஆமாங்!" என்று கத்திக்கொண்டு மாமியாரைக் கூப்பிட உள்ளே ஓடினாள். கீழே வைத்த சொம்பை யாரும் நினைக்கவில்லை.

அந்தச் சித்திரை மாதத்தில் மூன்று வாரம் நாச்சம்மாள் போன இடமெல்லாம் இதே கூத்துதான். கோயமுத்தூர் டவுன்பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, ரேஷன் கடை வரிசை, கிருஷி பவன் என்ற விவசாய ஆபீசில் விதைக்கு மனுப்போட வந்தவர்கள், ஒருவரையும் விடவில்லை. சந்தைக்கு எருமை ஓட்டி வந்த மனிதர் ஒருவர் கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுரோட்டில் புறங்கையை நீவிக்கொண்டிருந்தார். எருமை பாட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆள் ஒல்லி, நல்ல உயரம். குரல் மட்டும் நாலு ஏக்கருக்கும் கேட்கும். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு முட்டும். அப்போது பேச்சை வேறு யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடக்கூடாதே! அதனால் உள்ளங்கையை எதிராளியின் முகத்துக்கு நேரே நிறுத்திவிடுவார். 'இரு, நான் இன்னும் முடிக்கவில்லை' என்று பொருள். கையை நிறுத்தியபடியே இரண்டு மூச்சு வாங்குவார். பிறகு விட்ட இடத்திலிருந்து அதே சுதியில் தொடங்குவார்.

இந்த அம்மாளுக்கு நெஞ்சில் ஒரு வால்வு ஒழுகுகிறது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வலித்து வந்த ஒரு காய்ச்சல், யாரும் கண்டுகொள்ளாமல் போனது, அங்கே போய் உட்கார்ந்து நாற்பது வருடமாக அதை அரித்திருக்கிறது. வேறு யாராவதாக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார்கள். நாச்சம்மாள் போன மாசி வரைக்கும் மண்வெட்டியோடு தோட்டத்தில் நின்றார்.

தண்ணீர் கட்டுவதில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. கணவர் ஆறுச்சாமி மாடுகளோடு சரி. நாலு ஏக்கர் தென்னைக்கும் தக்காளிக்கும் தண்ணீர் காட்டுவது நாச்சம்மாள்தான். மோட்டார் இருக்கும் பக்கம் திரும்பாமலே, சத்தத்தை வைத்து, "காத்தப் புடிக்குது, நிறுத்துங்கோ!" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் குழாயில் நுரைதான் வந்துகொண்டிருக்கும். எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும், எந்தப் பாத்தி எவ்வளவு குடிக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கால் பாதத்தில் தெரியும். அந்தத் தெரிந்த சங்கதிதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

பங்குனியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வால்வு மாற்ற முதல் தேதி கொடுத்தார்கள். டாக்டர் பூபதிராஜா, பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், படித்துப் படித்துச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். தண்ணீர், மோர், காபி எல்லாம் அதற்குள் அடக்கம். உப்பையும் குறைக்க வேண்டும். நாச்சம்மாள் ரொம்ப நன்றாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் ஆறுச்சாமியிடம் சொன்னது வேறு.

"படிச்ச புள்ளதானுங். ஆனா தோட்டத்துக்குள்ள கால் வெச்சிருக்காது. கெணத்துல தண்ணியில்லாம மோட்டார ஓட்டுனா என்னாகும்? காயிலு கருகிப் போகும். இங்க ஏற்கெனவே ஓட்ட மோட்டாரு. இதுல தண்ணியையும் கொறச்சாக்க?"

ஆறுச்சாமிக்கு அது சரியாகத்தான் பட்டது. தண்ணீர் கட்டிப் பிழைக்கும் யாருக்கும் அப்படித்தான் படும். நெஞ்சு ஒரு மோட்டார். அது ரத்தத்தை உடம்புக்கெல்லாம் பாய்ச்சுகிறது. பாய்ந்ததை உடம்பு குடித்துவிடுகிறது. தென்னைக்குப் பாய்ந்த தண்ணீர் என்றைக்காவது கிணற்றுக்குத் திரும்பி வந்திருக்கிறதா? அப்படியானால் நெஞ்சுக்குப் புதிது புதிதாக ஊற வேண்டும். ஊற வேண்டுமானால் குடிக்க வேண்டும்.

குடித்தார். உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ், சொம்பு சொம்பாகத் தண்ணீர். ஆறுச்சாமி தன் கையாலேயே நாளுக்கு மூன்று இளநீர் வெட்டிக் கொடுத்தார், பாவம், பெண்டாட்டி பிழைக்க வேண்டுமே என்று. பத்தாம் நாள் பாதத்தில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. பதினைந்தாம் நாள் படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல ஆனது. தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடியே இருந்தார். ஆபரேஷனுக்குச் சேர்க்கப் போன அன்றைக்குப் படம் எடுத்துப் பார்த்தால், நுரையீரலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கிறது.

"ஒரு நாளைக்கு எத்தன தண்ணி குடிச்சீங்க?" டாக்டர் கேட்டார்.

"அரக் கொடம் இருக்குமுங்க. எளநி தனி."

டாக்டர் பேனாவை மேசையில் போட்டார். "இப்ப ஆபரேஷன் கெடையாது. ஊசி போட்டு மூச்ச மட்டும் சரி பண்ணி அனுப்பறேன். மூணு வாரம் கழிச்சு ஒரு தேதி இருக்கு. அதுக்கும் இப்பிடியே வந்தீங்கன்னா நெஞ்சு இன்னும் பெருத்துப் போகும். அப்பறம் வால்வு மாத்தியும் பிரயோசனமில்ல. புரியுதுங்களா? அவ்வளவுதான், முடிஞ்சுது."

ஆறுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். இளநீர் வெட்டிய அரிவாளைத்தான் நினைத்திருப்பார். நாச்சம்மாள் அழவில்லை. உள்ளங்கையை டாக்டர் முகத்துக்கு நேரே நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, தன் நியாயத்தைச் சொன்னார்: கிணறு, மோட்டார், காயில், தென்னை. "பாஞ்ச தண்ணி திரும்பி வருமுங்களா? நீங்களே சொல்லுங்க."

டாக்டருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"தென்னைக்குப் பாஞ்சது வராதுங்க. ரத்தம் வரும்."

"என்ன சொல்றீங்க?"

"போனது முச்சூடும் திரும்பி வரும். கையக் காட்டுங்க."

அன்றைக்குத்தான் அந்தப் பச்சை நரம்பை டாக்டர் நீவிக் காட்டினார். நாச்சம்மாள் வாயைப் பிளந்துவிட்டார். மூச்சு முட்டுவதெல்லாம் மறந்துபோயிற்று.

டாக்டர் சொல்லச் சொல்ல, அவர் மடக்கி மடக்கிக் கேட்டார். உடம்பெல்லாம் சுற்றிக் கறுத்து வரும் ரத்தம் முதலில் எங்கே போகும்? நெஞ்சின் வலப்பக்கம், மேல் அறை. அங்கிருந்து? கீழ் அறை. அது அழுத்தி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காற்றை வாங்கிக்கொண்டு சிவந்து, இடப்பக்க மேல் அறைக்கு வரும். அங்கிருந்து கீழே இறங்கும். அந்தக் கீழ் அறைதான் நாலிலேயே பலசாலி. உச்சந்தலை முதல் கால் கட்டைவிரல் வரை ஒரே அழுத்தில் அனுப்புகிறது.

"திரும்பற எடம் எங்கீங்க? போற குழாயும் வார குழாயும் எங்க சேருது?"

"மயிரிழைய விடச் சின்னக் குழாய்ங்க, உடம்பு பூராவும். விரல் நுனி, காது மடல், எங்க குத்துனாலும் ரத்தம் வருதில்ல? அங்கெல்லாம்தான் திரும்புது."

"ஒரு சுத்துக்கு எத்தன நேரமாகுமுங்க?"

"சும்மா உக்காந்திருந்தா சுமார் ஒரு நிமிசம். அஞ்சு லிட்டர் ரத்தம்."

"அடேங்கப்பா!" நாச்சம்மாள் எழுந்தே விட்டார். "நான் இங்க உக்காந்து பேசற நேரத்துக்குள்ள இருபது சுத்து சுத்தியிருக்குமே! நான் தூங்கறப்ப? அப்பவுமா?"

ஒழுகுவது எந்த வால்வு என்று கேட்டபோது, டாக்டர் எக்கோ அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைத் திருப்பி வைத்தார். கறுப்பு வெள்ளையில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்கத்துக் கதவு ஒவ்வொரு தடவை மூடும்போதும் அதன் இடுக்கில் ஒரு வண்ணப் பீச்சல் பின்னால் பாய்ந்தது. நாச்சம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மடை சரியா அடைக்கலீங்க," என்றார் மெதுவாக. "முன்னால போவோணும். போகாம பின்னால ஏறி, மேல்காட்டுக்காரன் பாத்தியில நிக்குது. அதாங்க மூச்சு முட்டுது."

"அதேதானுங்க. அந்த மேல்காடுதான் நுரையீரல்."

"அங்க ஏற்கெனவே தண்ணி நிக்குது. நானு அரக் கொடத்தையும் கொண்டாந்து அதுமேலயே ஊத்தியிருக்கறனே!"

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எக்கோ திரை ஆடியது. ஆறுச்சாமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் அந்த மூன்று வாரம்! சித்திரை வெயில் தக்காளிச் செடியைச் சுருட்டிப் போட்டது. நாச்சம்மாள் காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி ஆறுச்சாமியிடம் கொடுத்துவிடுவார். அவர் அதைக் காவல் காத்தார். தக்காளிப் பெட்டி எடை போடும் தராசில் தினமும் காலையில் ஏறி நிற்பார் நாச்சம்மாள்; எண்ணைப் படிப்பது ஆறுச்சாமி. முதல் நாள் அறுபத்து நாலு. ஒரு வாரத்தில் அறுபத்து இரண்டரை. "எறங்குது புள்ள, எறங்குது!" என்று அவர் கத்தியதில் கட்டுத்தறியில் மாடுகள் மிரண்டு எழுந்தன.

இதில் பெரிய சோதனை தாகம் அல்ல, சொந்தக்காரர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவது முறை. போனால் சொம்பு வரும். ஒரு வீட்டுக்கு ஒரு மடக்கு என்றாலும் நாளுக்குப் பத்து வீடு. 'டாக்டர் குடிக்கக்கூடாதுன்னுட்டாரு' என்றால், "ஒரு வாய்த் தண்ணியில என்னாயிருமுங்க?" என்று கையில் திணிப்பார்கள். அப்போதுதான் நாச்சம்மாள் வழி கண்டுபிடித்தார். சொம்பை வாங்கிக் கீழே வைத்த கையோடு புறங்கையை நீட்டிவிடுவது. கோபித்துக்கொள்ள வாயெடுப்பவர்கள், நரம்பு நிறைவதைப் பார்த்ததும் கோபத்தைக் கோட்டைவிட்டு, தங்கள் கையை நீவத் தொடங்கிவிடுவார்கள். ஒருத்தர் விடாமல் ரத்த ஓட்டம் தெரிந்த ஊர் கேரளத்தில் எங்கேயாவது இருந்தால் அது அந்தத் தோட்டங்கள்தான்.

தேதிக்கு முந்தின நாள் எடை அறுபது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. டாக்டர் பூபதிராஜாவே கட்டிலுக்கு வந்து கைகொடுத்தார். ஒப்புதல் தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, காத்தால மொத ஆளு நீங்கதான்" என்றார்.

நாச்சம்மாள் பேனாவை வாங்கினார். தாளில் வைக்கவில்லை.

"வால்வு மாத்தறப்ப மோட்டார நிறுத்தித்தான ஆவோணும்?"

"ஆமாங்க. கொஞ்ச நேரம் நெஞ்ச நிறுத்தி வெப்போம்."

"அப்ப சுத்து?"

"வெளிய ஒரு மெஷின் இருக்குதுங்க. ரத்தத்த வாங்கி, காத்தக் கலந்து, மறுபடி உடம்புக்கு அனுப்பிரும்."

"அது எதுல ஓடுது?"

"கரண்ட்லதான்."

பேனா கட்டில்மேல் விழுந்தது. "அப்ப வேண்டாமுங்க."

வேலந்தாவளத்துக்காரரிடம் எதைச் சொன்னாலும் நம்புவார். கரண்டை நம்பச் சொல்லாதீர்கள். பாதிப் பாத்தியில் போகும்; வந்தால் விளக்கு மினுக்கும், மோட்டார் ஓடாது. டாக்டர் ஜெனரேட்டர் இருக்கிறது என்றார், மெஷினுக்குள்ளேயே பேட்டரி இருக்கிறது என்றார். "எங்கூட்டுலயும் இன்வெர்ட்டர் இருக்குதுங்க. வேணுங்கற அன்னிக்கு எப்ப ஓடிச்சு?" என்றார் நாச்சம்மாள். உள்ளங்கை டாக்டர் முகத்துக்கு நேரே நின்றது. "அஞ்சு லிட்டரும் நிமிசத்துக்கொரு சுத்து வரோணும். நின்னா? யாரு சொல்றது பதில?"

ஆறுச்சாமிக்கு உயிரே போய்விட்டது. "ஏம்புள்ள, இத்தன நாளு நாக்கு வறண்டு கெடந்தது இதுக்கா? போட்டுரு புள்ள!" இந்தத் தேதி போனால் இன்னொரு தேதி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். டாக்டர் வாசல் பக்கம் திரும்பி, "நிமியக் கூப்பிடுங்க" என்றார்.

நிமி அந்த மெஷினை ஓட்டும் பெண். முப்பது வயதிருக்கும், கட்டைகுட்டையான ஆள். குமுளிப் பக்கம் ஆனைக்கரைதான் ஊர். நாச்சம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்து, ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் மெஷின் நிற்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஆறுச்சாமி பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, இந்தக் குழாயில ரத்தம் வரும். இந்த உருளை சுத்திச் சுத்திக் குழாயை அமுக்கித் தள்ளும், பாத்தீங்களா? பின்னால போகவே போகாது. இனி கரண்ட் போச்சுன்னு வைங்க. பேட்டரி ஓடும். அதுவும் போச்சுன்னா..." நிமி மெஷினின் பக்கவாட்டிலிருந்து ஒரு கைப்பிடியை உருவினாள். "இதை இப்படி மாட்டி, நான் கையால சுத்துவேன்."

நாச்சம்மாளின் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! "ஹேண்டிலு! ஏனுங், பாத்தீங்களா, ஆயில் இஞ்சினுக்குப் போடற ஹேண்டிலு!"

"எங்க ஏலக்காய்த் தோட்டத்து டீசல் இஞ்சினை பிளஸ்டூ படிக்கும்போதே ஒத்தையில சுத்தி ஸ்டார்ட் பண்ணினவ நான். பேடிக்க வேணாம்மா, பயமே வேண்டாம்."

"எந்தப் பக்கம் சுத்தோணும்?"

"அம்பு போட்டிருக்கு, பாருங்க. அதுக்கு எதிரா சுத்தவே கூடாது."

"எத்தன சுத்து? கை வலிச்சா?"

"ஒரு நிமிசத்துக்கு எவ்வளவுன்னு எனக்குக் கணக்கு தெரியும். கை வலிச்சா மாத்த இன்னொரு ஆளும் பக்கத்துல நிப்பாரு."

நாச்சம்மாள் கைப்பிடியைத் தன் கையில் வாங்கி மாட்டினார். அம்பு பார்த்துச் சுற்றினார். காலி உருளை தடையில்லாமல் திரும்பியது. ஐந்தாறு சுற்றில் மூச்சு முட்டியது, ஆனாலும் விடவில்லை, இன்னும் இரண்டு சுற்றினார். பிறகு கைப்பிடியை நிமியிடம் கொடுத்தார்.

"காத்தால வயிறு நெறையத் தின்னுபோட்டு வா, கண்ணு. வெறும் வயித்தோட இதப் புடிக்கக்கூடாது."

"சரிம்மா."

"எங்கீங் அந்தத் தாளு?" என்று கணவர் பக்கம் திரும்பினார். ஆறுச்சாமி கையோடு கொண்டுவந்திருந்த தாளை நீட்டினார். நாச்சம்மாள் கையெழுத்தைப் பெரிதாக, கோடு தாண்டிப் போட்டார்.

மறுநாள் ஆறரை மணி நேரம் ஆயிற்று. ஆறுச்சாமி வராந்தாவில் உட்காரவே இல்லை. விளக்கு ஒரு தடவை மினுக்கியதுபோலத் தோன்றிய நேரத்தில், காவலாளியிடம் போய், "கரண்ட் போச்சுங்களா? போச்சுங்களா?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டார். அவர் இல்லை என்று சொல்லியும் நம்பாமல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்து, வால்வு மாற்றியாயிற்று, நெஞ்சு தானாக அடிக்கிறது, இனி கண் விழிக்க வேண்டும் என்றார்.

விழித்தது அடுத்த நாள் காலையில். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறுச்சாமிக்குப் பச்சை அங்கி மாட்டிக் கட்டிலருகே நிறுத்தியிருந்தார்கள். நிமியும் பார்க்க வந்திருந்தாள். நாச்சம்மாளின் வாயில் குழாய்; பேச முடியாது. கண் மட்டும் ஆறுச்சாமியைத் தொட்டு, தாண்டி, நிமியிடம் போய் நின்றது. வலது கை மெல்ல எழுந்தது. எழுதக் கேட்கிறார் என்று நர்ஸ் அவசரமாகத் தாளும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினார். நாச்சம்மாள் அதை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையை நர்ஸின் முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

பிறகு விரல்களை மடக்கி, முஷ்டியாக்கி, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டி, நிமியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.